டவருக்குப் பூக்கேட்டது

உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் காற்றாலைகளிலிருந்து அவிநாசிப் பக்கம் வரைக்கும் புதிதாக ஓர் உயரழுத்த மின்பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். டவர்கள் எல்லாம் எழும்பிவிட்டன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று லட்சுமணசாமியின் தென்னந்தோப்பில் நிற்க வேண்டியது. அது நிற்காதவரை இந்தப் பக்கத்துக் கம்பியும் அந்தப் பக்கத்துக் கம்பியும் சேராது. போன ஆடியில் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தும், அத்தனை மின்சாரத்தைப் பழைய கம்பி தாங்காது என்று பல காற்றாலைகளைச் சும்மா நிறுத்தி வைத்தார்கள். உதவிப் பொறியாளன் சசிதருக்கு அதை நினைத்தாலே வயிறு எரியும். இந்த ஆடிக்குள் கம்பி சேராவிட்டால் என் தலை போய்விடும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

லட்சுமணசாமி மறுப்பே சொல்லவில்லை. மறுத்தால்தானே பதில் பேசலாம்? எப்போது போனாலும் இளநீர் வெட்டிக் கொடுப்பார். டவர் என்று வாயெடுத்தால் தேங்காய் விலைக்குத் தாவிவிடுவார். ஒருநாள் அவர் வீட்டு நாய் சசிதரின் காலைக் கவ்விவிட்டது. அவர் அதைத் தெலுங்கில் திட்டிய திட்டில், வீட்டில் தெலுங்கு பேசுகிற சசிதர் அந்த வலியிலும் சிரித்துவிட்டான்.

வந்தது வினை. நம்ம ஜனமா என்றார், எந்த ஊர் என்றார், தாய்மாமன் யார் என்றார். கோயமுத்தூரில் சொந்த வீடு என்பது வரைக்கும் கறந்துவிட்டு, மகள் லாஸ்யாவை மோர் கொண்டுவரச் சொன்னார். டவருக்கு இடம் கேட்டு வந்தவன் அந்த நிமிடமே மாப்பிள்ளையாகிவிட்டான். தென்னைநார் ஆலையை ஒற்றை ஆளாக நடத்துகிறவள் லாஸ்யா. மோரை வைத்துவிட்டு, நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று மட்டும் சொல்லிப் போனாள். சசிதர் விழுவதற்கு அதுவே போதும்.

அந்த ஊரில் எந்தக் காரியமானாலும் மாகாளியம்மன் தலையில் பூ வைத்துக் கேட்பார்கள். பூ விழுந்தால் அம்மன் சம்மதம். விழாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். டவருக்கும் கல்யாணத்துக்கும் சேர்த்தே கேட்டுவிடலாம் என்றார் லட்சுமணசாமி. அம்மனை இரண்டு தடவை தொந்தரவு செய்வானேன் என்று ஒரே பூவை வைக்கச் சொன்னார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கப் பார்த்த மனிதர், எந்த மாங்காய் விழுந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டிய பொறியாளனோ லாஸ்யாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோயிலில் பூக்கேட்ட அன்று சித்திரை வெயிலில் ஓர் இலை அசையவில்லை. கரண்ட்டும் இல்லை. புதுக் கம்பி வேலைக்கென்று சசிதரே கேட்டு வாங்கிய மின்தடை அது. பூசாரி வேலன் மணியடித்துக் கை ஓய்ந்தார். பூவோ அம்மன் தலையிலேயே பிறந்து வளர்ந்ததுபோல் உட்கார்ந்திருந்தது. சசிதர் கும்பிடாத சாமியில்லை. கடைசியில் லட்சுமணசாமி எழுந்து வேட்டியை உதறினார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. கருவறை வாசலில் யாரும் அணைக்காமல் விட்டிருந்த ஸ்டாண்ட் ஃபேன் தலையைத் திருப்பி ஒரு வீசு வீச, பூ பறந்துபோய் லட்சுமணசாமியின் வழுக்கையில் உட்கார்ந்தது.

ஃபேன் காற்று செல்லாது என்றார் அவர். வேலன் சசிதரைப் பார்த்து, இந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். காற்றாலை, சோலார், அனல் எல்லாம் கலந்து வருகிறது, இன்னதென்று பிரிக்க முடியாது என்றான் சசிதர். காற்றும் கலந்திருக்கிறதல்லவா, அப்படியானால் அது அம்மன் அனுப்பிய காற்றுதான் என்று வேலன் தீர்ப்புச் சொன்னார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். வேலன் கொடுத்தார், ஆனால் பாதிதான்.

"ஒரு பூவுக்கு ஒரு வரந்தானுங்க. ரெண்டுல எதுன்னு நீங்களே பேசித் தீத்துக்குங்க."

தூணோரம் நின்ற லாஸ்யா முன்னால் வந்தாள்.

"ஏனுங்கப்பா, தோப்பு எம்பேர்ல இருக்குது. கல்யாணமும் எனக்குத்தான். ரெண்டுக்கும் அம்மனைக் கேட்டீங்க. என்னைய ஆரும் கேக்கலை."

அவள் சசிதர் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணுதானாமுங்க சார். உங்களுக்கு எது வேணும்?"

அவன் அவளைத்தான் பார்த்தான். அவள் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் ஆடிக்காற்றில் சும்மா நிற்கிற காற்றாலைகள் கண்ணில் வந்து தொலைத்தன.

"டவருங்க," என்றான்.

சொன்னபிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. பாழாய்ப்போன வாய். லட்சுமணசாமி தலையில் அடித்துக்கொண்டதில் பூ இன்னொரு தடவை விழுந்தது. சசிதருக்கு அழுகையே வந்துவிட்டது.

லாஸ்யா கோபித்துக்கொள்ளவில்லை. டவர் கட்டி முடிக்க எத்தனை நாளாகும் என்று விசாரித்தாள். அஸ்திவாரம் போட்டுக் காயவிட்டு, மேலே இரும்பு ஏற்றி, அடித்துப்பிடித்து ஓடினால் ஆடிக்கு முன்னால் முடிந்துவிடும் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அதுவரைக்கும் தெனமும் நீங்களே வந்து நிப்பீங்களா?"

"தெனமும் வருவேனுங்க."

"அப்பச் சரி, தோப்புல கட்டிக்குங்க," என்றாள் லாஸ்யா. "அவசரமொண்ணுமில்லை, மெதுவாவே கட்டுங்க."

சசிதர் நிமிர்ந்து பார்த்தான்.

"ஆவணியானாலும் பரவாயில்லீங்க," என்றான்.