இறங்காத எரிபொருள்

கரையிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் நின்ற சரக்குக் கப்பலில், சமையல்காரருக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. ஹெலிகாப்டரின் சொந்த டேங்கை நம்பிப் போனால் போய்ச் சேரலாம், திரும்பி வர முடியாது. தகவல் வந்ததும் அக்கா பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கூடுதல் டேங்கைப் பொருத்தினாள். அவள்தான் மெக்கானிக். ஓட்டுகிறவன் அவளுடைய தம்பி.

போகும்போது பத்து நிமிடம் பம்பைப் போட்டுப் பார்த்தார்கள். கூடுதல் டேங்கிலிருந்து எரிபொருள் ஹெலிகாப்டரின் சொந்த டேங்குக்கு ஒழுங்காக இறங்கியது. “உனக்குக் கைராசிதான்க்கா” என்றான் தம்பி.

திரும்பும்போது சமையல்காரரின் வாந்தியையும் முனகலையும் கவனிப்பதிலேயே நேரம் போய்விட்டது. தம்பி மறுபடி பம்பைப் போட்டபோது கப்பலை விட்டு ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது.

“அக்கா, முள்ளு ஏறல.”

“கொஞ்சம் பொறுடா.”

ஐந்து நிமிடம் பொறுத்தார்கள். எரிபொருள் அளவு காட்டும் முள் ஏறவில்லை, இறங்கியது. கரை இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல். கையில் இருந்ததோ நாற்பது நிமிடத்துக்கான எரிபொருள். கீழே எங்கு பார்த்தாலும் தண்ணீர்.

அக்கா பம்பைத் தொட்டாள். ஓடிக்கொண்டுதான் இருந்தது. குழாயில் மடிப்பில்லை. கை தற்செயலாக டேங்கின் பக்கவாட்டில் பட்டது. தகடு உள்வாங்கிக் கிடந்தது, பல் போன கிழவரின் கன்னம் மாதிரி.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. காலையில் ஹெலிகாப்டரைக் கழுவும்போது, தண்ணீர் புகக்கூடாதென்று கூடுதல் டேங்குக்குக் காற்று போகும் அடிப்பக்கத்துத் துளையின் மேல் டேப் ஒட்டினாள். அந்த நேரம் பார்த்துத்தான் போன் வந்தது. டேப்பை அவள் எடுக்கவில்லை. போகும்போது உள்ளே இருந்த காற்று பத்து நிமிடத்துக்குப் போதியிருக்கிறது; புதுக் காற்று போகாமல் மீதி எரிபொருள் எப்படி இறங்கும்?

“டேய்… என் தப்புடா” என்று தொடங்கிச் சொல்லி முடித்தாள்.

தம்பி முள்ளை ஒருமுறை பார்த்தான். பிறகு, “அத அப்புறம் பாத்துக்கலாம். இப்ப என்ன பண்ணணும்?”

“இங்கயே டேங்க் மூடியத் திறக்கணும். ஆவி வெளிய வந்தா ஒரு பொறி போதும், மூணு பேரும் காலி. பம்பு, முள்ளு தவிர கரண்ட்ல ஓடுற எல்லாத்தையும் அணை. ரேடியோவையும்.”

அவள் கதவைச் சற்றுத் தள்ளிவிட்டாள். காற்று முகத்தில் அறைந்தது. மூடியைக் கால் சுற்றுத் திருகினாள். விசிலடித்தபடி காற்று உள்ளே பாய்ந்தது. கூடவே டேங்க் ‘டம்’மென்று அதிர்ந்தது. போச்சு என்று கண்ணை இறுக்கிக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. ஒடுங்கிய தகடுதான் நிமிர்ந்திருந்தது.

“ஏறுதுக்கா! ஏறுது!”

மண்ணெண்ணெய் நெடி பரவியது. ஸ்ட்ரெச்சரில் கிடந்த சமையல்காரர் கண்ணைத் திறந்தார். “என்னம்மா ஆச்சு?”

“ஒண்ணுமில்லண்ணே.”

“முப்பது வருஷமா அடுப்புக்கு முன்னாடி நிக்கிறவன்மா நான். எண்ணெ ஒழுகுற வாசம் எனக்குத் தெரியாதா?”

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். யார் யாருக்குத் தைரியம் சொன்னார்கள் என்று தெரியாத பிடி. அடுத்த ஒரு மணி நேரம், எங்கேயாவது ஒரு உலோகம் உரசினாலும் உயிர் போய் வந்தது.

தரையைத் தொட்டபோது இருபது நிமிடத்துக்கான எரிபொருள் மிச்சமிருந்தது. ஆம்புலன்ஸ் சமையல்காரரை ஏற்றிக்கொண்டு போனது. அவர் பிழைத்துக்கொள்வார் என்று ஒரு மணி நேரத்தில் செய்தி வந்தது.

“டேப்ப நான் பிச்சுப் போட்டுட்டேன்” என்றான் தம்பி மெதுவாக. “யாருக்கும் தெரிய வேணாம்.”

“உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். போதாதா?”

அக்கா பராமரிப்புப் பதிவேட்டைத் திறந்து, நடந்ததை முதலிலிருந்து எழுத ஆரம்பித்தாள். காற்றில் தாள் படபடத்தது. தம்பி எதிரே உட்கார்ந்து, தாள் நகராமல் பிடித்துக்கொண்டான்.