மத்தியானம் கொடுத்தது

நீட்டிய பேனாவை மகள் வாங்கவில்லை.

“மத்தியானம் எங்கப்பாவுக்கு என்ன குடுத்தாங்க? அதைச் சொல்லுங்க, கையெழுத்துப் போடறேன்.”

ஹெட் நர்ஸ் பேனாவை மேஜைமேல் வைத்தார். அப்பாவின் உயிர் போய் இன்னும் உடம்புச் சூடு ஆறியிருக்காது. நடைக்கோடி அறையில், கழுத்துவரை இழுத்துவிட்ட போர்வைக்குள் படுத்திருந்தார். உடலைப் பெற்றுக்கொண்டோம் என்று ஒரு கையெழுத்து விழுந்தால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். தம்பி வண்டிக்குக்கூடச் சொல்லிவிட்டான்.

“விடுக்கா. இன்னைக்கோ நாளைக்கோன்னு டாக்டர் காலையிலயே சொன்னாரே, நீயும்தானே கேட்டே?”

“கேட்டேன். நாளைக்குன்னு நெனச்சுக்கிட்டேன்.”

தம்பி வாயை மூடிக்கொண்டான். இவ்வளவு சுலபத்தில் வாயை மூடுகிறவன் இல்லை அவன். அதையும் அவள் மனதில் குறித்துக்கொண்டாள்.

குறை கண்டுபிடிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளமே. தையல் கம்பெனியில் செக்கர். தைத்து வரும் சட்டைகளைத் திருப்பிப் போட்டு, விட்டுப்போன தையல், பிசிறு, எண்ணெய்க் கறை என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து ஒதுக்குகிற வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் ஓயாது. சர்க்கரை வியாதி என்று தெரிந்த நாளிலிருந்து அப்பாவும் அந்தக் கண்ணுக்குத் தப்பியதில்லை. அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். பிறந்தநாள் கொண்டாடும் பிள்ளைகள் வேன் மாமாவுக்கு மிட்டாய் கொடுக்காமல் இறங்க மாட்டார்கள். மனிதர் அதைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டு நல்ல பிள்ளை மாதிரி வீட்டுக்குள் வருவார். ஆணியில் தொங்கும் சட்டையை நோக்கிச் சுவரில் எறும்பு வரிசை கட்டினால் குட்டு உடைந்தது என்று அர்த்தம்.

“ஒரு செக்கரையே தாங்க முடியலை, இதுல அவளுக்கு அசிஸ்டென்ட் வேற இத்தனை பேரு,” என்று எறும்புகளைப் பார்த்து அலுத்துக்கொள்வார்.

ஆஸ்பத்திரியிலும் அவள் எதையும் சும்மா விடவில்லை. தொண்டை வேலை செய்யவில்லை, எதைக் குடித்தாலும் நுரையீரலுக்குள் போய்விடும் என்று டாக்டர் சொன்னதும், ‘வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது’ என்று கட்டிலின் தலைமாட்டில் அட்டை மாட்டினார்கள். அது கோணலாகத் தொங்கினால் எழுந்து நேராக்குவது அவள்தான். நாக்கு வறண்டு அப்பா கெஞ்சியபோதும் ஈரப் பஞ்சுக்கு மேல் அவள் இறங்கி வரவில்லை.

மருந்து கொடுக்கும் முறையையும் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்துவைத்திருந்தாள். முதலில் பெயர் கேட்பார்கள். மணிக்கட்டில் கட்டிய பட்டையோடு அதை ஒத்துப்பார்ப்பார்கள். வலி ஊசி என்றால் இன்னொரு நர்ஸும் வந்து மருந்தையும் அளவையும் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். கொடுத்து முடித்த பிறகுதான் மருந்துத் தாளில் அந்த வேளைக்கான கட்டத்தில் கையெழுத்து. முன்கூட்டியே போட்டுவைக்கிற பேச்சே கிடையாது. அதிலும் அந்தக் கண்ணாடி போட்ட நர்ஸ் ரொம்பக் கறார்.

“பேரு சொல்லுங்க ஐயா.”

“நேத்து என்ன பேரோ அதேதான்மா. இன்னும் மாத்தலை.”

“அது என்னன்னு சொன்னாத்தான் ஊசி.”

குரல் தேய்ந்து வெறும் காற்றாகிப் போன பிறகும் அப்பா இந்த விளையாட்டை விடவில்லை.

அதனால்தான் இன்று மத்தியானம் கண்டது அவளை உறுத்தியது. தண்ணீர் பாட்டிலோடு திரும்பியவள் திரையின் இடைவெளியில் பார்த்தாள். கண்ணாடி நர்ஸ் மட்டும் தனியாக நின்றிருந்தாள். பெயர் கேட்கவில்லை, பட்டையைப் பார்க்கவில்லை. ஊசியில்லாத சிரிஞ்சிலிருந்து வெள்ளையாக எதையோ அப்பாவின் கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள். மகளின் செருப்புச் சத்தம் கேட்டதும் சிரிஞ்ச் அவள் கோட்டுப் பைக்குள் போய்விட்டது. அப்பாவின் மருந்துகளில் வெள்ளையாக எதுவுமே கிடையாது. “என்னது அது?” என்று கேட்டதற்கு, “வாயை நனைச்சேன்,” என்று முகம் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனாள். பொழுது சாய்வதற்குள் அப்பா போய்விட்டார்.

“மருந்துத் தாளைக் காட்டுங்க,” என்றாள் மகள்.

ஹெட் நர்ஸ் எடுத்துப் பிரித்தார். காலை ஊசிக்கு இரண்டு பேர் கையெழுத்தும் இருந்தது. மத்தியானக் கட்டம் காலி.

“எழுதலைன்னா குடுக்கலைன்னுதாம்மா எங்க கணக்கு.”

“நான் ரெண்டு கண்ணால பார்த்தேன். உங்க கணக்கு என் கண்ணைவிட ஒசத்தியா?”

ஹெட் நர்ஸின் முகம் மாறியது. கண்ணாடி நர்ஸைக் கூப்பிட்டனுப்பினார். அவள் ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள்.

“மத்தியானம் ஐயாவுக்கு ஏதாவது குடுத்தியா?”

“மருந்து எதுவும் குடுக்கலை சிஸ்டர்.”

“மருந்து இல்லேன்னா வேற என்ன?” என்று மகள் குறுக்கே பாய்ந்தாள்.

நர்ஸின் பார்வை தம்பியிடம் போய்விட்டுத் திரும்பியது. தம்பியோ, சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியை எப்படி இயக்குவது என்று ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தான்.

இவர்களுக்குள் ஏதோ இருக்கிறது. நேற்றுகூட, “அப்பா படற பாட்டைப் பார்க்க முடியலைக்கா, சீக்கிரம் போய்ட்டா தேவலை,” என்று இதே நடையில் நின்று அழுதானே. அழுதுவிட்டு யாரிடம் போய் என்ன கேட்டான்? கூடப் பிறந்தவனைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று கூசியது. கூசினாலும் நினைப்பு நிற்கவில்லை.

“எழுத்துல புகார் குடுக்கறேன்.”

“தாராளமா குடுக்கலாம்,” என்றார் ஹெட் நர்ஸ். “ஆனா குடுத்தா, உடம்பைப் பரிசோதனைக்கு அனுப்பணும். அறுத்துத்தான் பார்ப்பாங்க. விசாரணை முடியற வரைக்கும் இந்தப் பொண்ணும் வேலைக்கு வர முடியாது. ரெண்டையும் யோசிச்சுட்டு எழுதுங்க.”

“அக்கா, அப்பாவை அறுக்கணுமா?”

“நீ பேசாதே.”

“ஐயாவைத் துடைக்கறது பாதியில நிக்குது சிஸ்டர். நான் போய் முடிச்சிடறேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டு, நர்ஸ் மருந்துத் தாளையும் எடுத்துக்கொண்டு நடந்தாள். கள்ளம் இருக்கிறவள் இப்படி நிதானமாக நடப்பாளா என்று ஒரு மனம் கேட்டது. பழகின கள்ளம் அப்படித்தான் நடக்கும் என்றது இன்னொரு மனம்.

மகள் தாள் கேட்டு வாங்கி, நடையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். வெள்ளையாக ஒரு திரவம் என்று எழுதினாள். அப்பாவை மேஜையில் கிடத்தி, கம்பெனிச் சட்டையைப் போலத் திருப்பிப் போட்டுப் பார்ப்பார்கள். பார்க்கட்டும், உண்மை தெரிந்தாக வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனாள்.

“கட்டிலுக்கு அடியில இருந்தது, உங்கப்பாவோட சாமான். எல்லாம் சரியா இருக்கான்னு பார்த்துக்கோங்கம்மா,” என்று அறை பெருக்குகிற பெண் ஒரு துணிப்பையைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

பார்த்துக்கொள் என்றால் பார்க்காமல் இருக்க அவளால் ஆகாது. எழுதுவதை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். மூக்குக் கண்ணாடி, சீப்பு, அவளே பொத்தானை இறுக்கித் தைத்துக் கொடுத்த சட்டை. கடைசியாக, மத்தியானம் அப்பாவின் கழுத்தடியில் விரித்திருந்த துண்டு. அதைத் தூக்கியதும் புறங்கையில் சுருக்கென்றது.

எறும்பு.

துண்டை மடியில் விரித்தாள். வெள்ளையாகக் காய்ந்திருந்த ஒரு சின்னத் திட்டைச் சுற்றி எறும்புகள் மொய்த்திருந்தன. தொட்டால் பிசுபிசுத்தது. மூக்கருகே கொண்டுபோனாள். வெனிலா ஐஸ்கிரீம்.

நிமிர்ந்தபோது தம்பி எதிரில் நின்றிருந்தான். அவனும் எறும்புகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீ வாங்கினியா?”

தலையை ஆட்டினான். “கீழே கேன்டீன்ல. இருக்கறதுலயே சின்னக் கப்பு. ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருந்தார்க்கா. அந்தப் பொண்ணு முடியவே முடியாதுன்னுதான் சொல்லுச்சு. அவர் கையெடுத்துக் கும்பிட்டுட்டார்.” மூக்கை உறிஞ்சினான். “உருக வெச்சுக் கொஞ்சூண்டு விட்டுச்சு. செக்கர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு எங்க ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கிக்கிட்டார்.”

அந்தக் கொஞ்சூண்டு உள்ளே இறங்கி மூச்சை அடைத்திருக்குமோ என்று அவள் புத்தி உடனே கேட்டது. நாளைக்குப் போக வேண்டியவர் இன்றைக்கே போனாரோ? அறுத்துப் பார்த்தால் தெரியலாம், தெரியாமலும் போகலாம்.

“நல்லா இருக்குன்னு சொன்னாரா?”

“அதுக்கப்புறம் பேச்சு எங்கே வந்துது? நாக்கால உதட்டைத் துழாவிக்கிட்டே இருந்தார்.”

அவளுக்கு அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று நினைத்தாள். கேட்டிருந்தார். தினமும் கேட்டிருந்தார். அவள் பஞ்சை நனைத்துக்கொண்டு வந்தாள்.

எழுதிய தாளைக் கிழித்துப் பைக்குள் போட்டாள். துண்டை உதறாமல், எறும்புகளோடு அப்படியே மடித்து எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள்.

நர்ஸ் துடைத்து முடித்து, அப்பாவுக்குத் தலை வாரிவிட்டிருந்தாள். கட்டில் ஓரத்தில் மருந்துத் தாள் பிரித்துவைத்திருந்தது. பேனா மூடி கழன்று கிடந்தது. தலைமாட்டு அட்டை கோணலாகத் தொங்கியது. மகள் அதை நேராக்கவில்லை. துண்டைக் கட்டிலில் வைத்தாள்.

நர்ஸ் துண்டைப் பார்த்தாள்.

“நான் குடுக்கச் சொன்னதா எழுதிக்கோங்க,” என்றாள் மகள்.

“நீங்க சொல்லலையேம்மா.”

“சொன்னேன்னு வெச்சுக்கோங்க. உங்களுக்கு ஒண்ணும் வராது.”

“நடந்ததைத்தாம்மா எழுதணும். ஐயா கேட்டார், நான் குடுத்தேன்.” நர்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். “மத்தியானமே எழுதியிருக்கணும். அவருக்குச் செஞ்ச சத்தியத்துக்காக விட்டுட்டேன். அது தப்பு. அதுக்கு என்ன வருதோ வரட்டும்.”

நர்ஸ் குனிந்து அப்பாவின் மணிக்கட்டைத் தூக்கி, பட்டையை எழுத்து தெரியும்படி திருப்பினாள்.

“வீட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி கடைசியா ஒருதடவை கேட்கணும். அவருக்காக நீங்க சொல்லுங்க. பேரு?”

மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

“நேத்து என்ன பேரோ அதேதான்,” என்றாள்.

நர்ஸ் பட்டையை இன்னொரு முறை வாசித்துக்கொண்டு, கையைப் பதமாகப் போர்வைக்குள் வைத்தாள். பேனாவை எடுத்தாள். துண்டிலிருந்து இறங்கிய எறும்பு ஒன்று மத்தியானக் கட்டத்தின் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. அது கடந்து போகும்வரை பொறுத்திருந்து, எழுதத் தொடங்கினாள்.