அலையில்லாத கடல்

சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் கரையிலிருந்து பார்த்தால் எதிரே இருந்த தீவு கல்லெறி தூரம்தான். கடலோ கழுவிக் கவிழ்த்த தாம்பாளம். ஜலாலுதீனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாகூர்க்காரர் அவர், அவர் ஊரில் ஓர் அலை எழுந்து விழுவதற்குள் ஒரு நிக்காஹை முடித்து, பிரியாணிச் சட்டியையும் வழித்துவிடலாம். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் தம்மோடு மூட்டை தூக்கும் பரமசிவத்திடம் ஆறு மாதமாக இதையேதான் அளந்துகொண்டிருந்தார். அந்த ஐம்பத்தாறாம் வருஷத்து ஞாயிற்றுக்கிழமை ஆளைக் கூட்டியே வந்துவிட்டார்.

"பாய், எனக்கு நீச்சல் தெரியாது," என்றார் பரமசிவம், ஒரு காலை மட்டும் கோலேக்கில் வைத்தபடி. மலாய்க்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கிய ஒடுக்கமான படகு அது. இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவதாக ஒரு தேங்காய்க்கு இடமில்லை.

"இது கடலாய்யா? கிளாஸ்ல ஊத்தின தேத்தண்ணி இதைவிட ஜாஸ்தி ஆடும். உக்காரு லா!"

"ஏதாச்சும் ஆச்சுன்னா எம் பொண்டாட்டி சந்திரமதி உங்களைத்தான் பிடிப்பா."

"உன்னைப் பத்திரமா கொண்டாந்து விடறது என் பொறுப்பு. துடுப்பைப் போடு."

பரமசிவம் முன்னால், ஜலாலுதீன் பின்னால். பாதி தூரம் போனதும் ஒரு வேடிக்கை நடந்தது. தீவு நகர்ந்தது. எதிரே நின்ற பெரிய மரம் மெல்ல இடது தோளுக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் இடது காதுக்கு வந்தது. ஜலாலுதீன் துறைமுகத்துப் பாரந்தூக்கியையே பெயர்த்தெடுக்கும் வேகத்தில் துடுப்புப் போட்டார். மரம் பின்னால்தான் போனது. காற்றில்லை, அலையில்லை, ஒரு குமிழிகூட இல்லை. அவர் ஊர்க் கடல் முகத்தில் அறைந்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். இது சத்தமே போடாமல் அடியில் கைவிட்டு இழுத்தது.

"பாய், அந்த மரம் நேரால்ல இருந்துச்சு?"

"நாம சுத்து வழியா போறோம். தீவைப் பார்த்தே போடு."

நல்ல மனுஷன், நம்பினார். படகின் மூக்கைத் தீவுப் பக்கமே திருப்பித் திருப்பி வலித்தார்.

அப்போது வலப்பக்கம், கப்பல் பாதையில், ஐந்து மாடிக் கட்டடம் நடந்து வருவதுபோல ஒரு சரக்குக் கப்பல் தெரிந்தது. இழுப்பு அதை நோக்கித்தான். நடுவே ஒரு கேலோங்: மீன் பிடிக்கக் கடலில் வரிசையாக நட்ட கம்பங்கள், மேலே ஒரு குடிசை. கடைசிக் கம்பத்தையாவது பிடித்தாக வேண்டும்.

"சோத்துக்கைப் பக்கம் திருப்பு!"

"தீவு இந்தப் பக்கம்ல இருக்கு? நீங்கதானே சொன்னீங்க?" பரமசிவம் விடாமல் படகை இடப்பக்கமே திருப்பி வலித்தார். ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே. படகு நின்ற இடத்திலேயே சுழன்றது. கப்பல் ஊதியது. ஜலாலுதீனின் காதில் அது அவர் பெயரைச் சொல்லியே ஊதியது.

"பொய் சொன்னேன்யா! சுத்து வழியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்தக் கடல் எனக்குத் தெரியாது. நம்மள இழுத்துக்கிட்டுப் போவுது. தீவை விட்டுடு, பரமசிவம். அந்தக் கம்பம்தான்!"

பரமசிவத்தின் கழுத்து விறைத்தது. திரும்பிப் பார்க்கவில்லை. துடுப்பை மட்டும் மறுபக்கம் மாற்றினார்.

கம்பத்தில் படகு மோதியது. பரமசிவம் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். படகு கவிழ்ந்து ஜலாலுதீன் தண்ணீரில் விழுந்தார். ஒரு கையில் படகுக் கயிறு, மறு கையில் பரமசிவத்தின் கால். கப்பல் கிளப்பிய அலை இருவரையும் முக்கி எடுத்தது. கேலோங் குடிசையிலிருந்த இன்னொரு மலாய்க்காரர் கயிறு வீசி இருவரையும் மேலே இழுத்துப் போட்டார்.

நீரோட்டம் அடங்கும்வரை இரண்டு மணி நேரம் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். பரமசிவத்துக்குப் பல் கிட்டித்தது. ஜலாலுதீன் தம் சட்டையைப் பிழிந்து நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"இப்போ போகலாம்," என்று மலாய்க்காரர் கடலைக் காட்டிவிட்டு, கேலோங்கில் கட்டியிருந்த தம் படகை அவிழ்த்தார்.

ஜலாலுதீன் கோலேக்கை நிமிர்த்தி, நீரை இறைத்து, முன்பக்கத்தைத் துடைத்துவிட்டார்.

"நான் அவர் படகுல வரேன், பாய்," என்றார் பரமசிவம்.

அந்தப் படகு முன்னால் போனது. அது எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கமே திரும்பி, ஜலாலுதீன் தனியாகப் பின்னால் துடுப்புப் போட்டார்.