ஜாய்ஸ் பிடித்த கட்டெறும்புகள்

தஞ்சாவூர் கோர்ட்டில் ஜாய்ஸ் சுருக்கெழுத்துத் தட்டச்சர். பதினாறு வருட வேலையில், அவள் அடித்துக் கொடுத்த தீர்ப்பில் ஒரு புள்ளி விட்டுப்போச்சு என்று எந்த நீதிபதியும் தாளைத் திருப்பி அனுப்பியதில்லை. அப்படிப்பட்டவளை ஓர் எறும்பு ஒரு மாதமாக ஆட்டிவைத்தது.

எறும்பு வளர்ப்பு அவளுக்கு ஆடி மாதம் தொற்றிக்கொண்ட பழக்கம். போனில் யாரோ போட்டிருந்த ஒரு வீடியோ. கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு ராணி எறும்பு தனியாக முட்டையிட்டு, தனியாகக் குஞ்சு வளர்த்து, ஒரு குடும்பத்தையே உண்டாக்கியது. அன்றைக்கே பன்னிரண்டு கண்ணாடிக் குழாயும், மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் வரவழைத்துவிட்டாள். எறும்பு வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றிலும் சேர்ந்தாள்.

அந்தக் குழுவை நடத்துபவர் வேதாரண்யத்தில் மொபைல் கடை வைத்திருக்கும் ஜாஃபர் சாதிக். பத்து வருடமாக எறும்பு வளர்ப்பவர். எந்தப் படம் போட்டாலும் அவரிடமிருந்து ஒரே பதில்தான் வரும். "படம் தெளிவா இல்ல. பக்கவாட்டுல எடுங்க. நீளம் எத்தனை மில்லிமீட்டர்? எந்த ஊர்?"

ஓடுகிற எறும்பைப் பக்கவாட்டில் எடுப்பதாம்! ஜாய்ஸ் முப்பது படம் எடுத்தாள். முப்பதிலும் ஒரு கறுப்புக் கோடு.

எறும்பு கிடைத்தது கணவன் ஜெரால்டின் ஊரில். ஜெரால்டுக்கு மின்வாரியத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரும் பாபநாசம் பக்கத்தில் இருக்கும் அவன் ஊருக்குப் போய், பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறந்து பெருக்கிவிட்டு வருவார்கள். வீட்டுக்குப் பின்னால் வயல். வயலுக்கும் வடிகாலுக்கும் நடுவே உயர்ந்த வரப்பு. அந்த வரப்பில் ஒரு துளை, துளையைச் சுற்றிக் காய்ந்த வேரும் சருகும் வட்டமாக அடுக்கியிருந்தது. உள்ளேயிருந்து கறுப்பாக, நீளமாக, ஒன்றொன்றாக வெளியே வந்தன.

"கட்டெறும்பு" என்றாள் ஜாய்ஸ். புத்தகப் பெயரையும் தேடிப் பிடித்து, "கேம்போனோட்டஸ்" என்று அச்சடித்துப் பெட்டியில் ஒட்டினாள். ராணியைப் பிடித்துவிட்டால் போதும்.

முதல் ஞாயிறு கரண்டியால் தோண்டினாள். நாற்பது எறும்பும் கொஞ்சம் கூட்டுப்புழுவும் கிடைத்தன. ராணி இல்லை. குழுவில் கேட்டாள்: "கேம்போனோட்டஸ் ராணி எவ்வளவு ஆழத்தில் இருக்கும்?"

"இன்னும் ஆழமா" என்றார் ஜாஃபர் சாதிக்.

இரண்டாவது ஞாயிறு களைக்கொத்து. இன்னொரு முப்பது எறும்பு. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், அச்சில் வார்த்த மாதிரி. பெட்டியில் எழுபது எறும்பும் சர்க்கரைத் தண்ணீர் குடித்தன, கரப்பான்பூச்சியைப் பிய்த்துத் தின்றன. மூலையில் அவ்வப்போது வெள்ளையாக ஏதோ சேரும். பூஞ்சணம் என்று அதை ஈரப் பஞ்சால் துடைத்தெடுத்துவிடுவாள்.

"ராணி வெளியூர் போயிருக்கும்" என்றான் ஜெரால்டு.

"நக்கலா பண்றீங்க? அடுத்த வாரம் மண்வெட்டியோட வாங்க."

மூன்றாவது ஞாயிறு மண்வெட்டி வந்தது. முந்தின நாள் நல்ல மழை, வயலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். ஜெரால்டு நாலு வெட்டு வெட்டினான். ஜாய்ஸ் குனிந்து மண்ணைக் கையால் கிளறினாள். சுரீர் என்றது. நடுவிரலில் ஒன்று, கட்டைவிரலில் ஒன்று.

"ஏசுவே!" என்று கையை உதறியபடி அவள் பின்னால் சாய, ஊறிப்போயிருந்த வரப்பு அவள் காலடியில் பொதக்கென்று உட்கார்ந்தது. வயல் தண்ணீர் திமுதிமுவென்று வடிகாலுக்குள் இறங்கியது.

அந்த வயலைக் குத்தகைக்கு எடுத்துச் சம்பா நட்டிருப்பவள் காத்தாயி. மூன்று வயல் தள்ளிக் களை பறித்துக்கொண்டிருந்தவள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் ஓடி வந்தாள்.

"அடப்பாவிங்களா! இப்பத்தான் காலையில யூரியா போட்டேன்! அத்தனையும் வாய்க்கால்ல போவுதே! தம்பி, என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற? மண்ணை வெட்டிப் போடு!"

ஜெரால்டு வெட்டிப் போட்டான். போடப் போடக் கரைந்தது. ஜாய்ஸ் வைக்கோலை அள்ளி வந்து கொடுக்க, காத்தாயி அதைச் சேற்றோடு பிசைந்து அடைத்து, காலால் மிதித்து, ஒருவழியாக உடைப்பை மூடினாள். பூசைக்குக் கட்டிய பட்டுச்சேலையில் இடுப்புவரை சேறோடு நின்றாள் ஜாய்ஸ்.

"என்னத்தைத் தேடுனீங்க? புதையலா?"

"எறும்புங்க. ராணி எறும்பு."

காத்தாயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஜெரால்டிடம் திரும்பினாள்.

"யூரியா வாங்கித் தர்றேன்க்கா" என்றான் அவன்.

"ஒரு மண்ணும் வேணாம். உன் பொண்டாட்டி இந்த வரப்புப் பக்கம் வராம பாத்துக்க. அது போதும்."

திங்கட்கிழமை விரல் வீங்கி, சாவிப்பலகையில் ஒரு எழுத்துக்கு இரண்டு எழுத்து விழுந்தது. 'மனுதாரர்' என்பது 'மனுதாாரர்' ஆனது. நீதிபதி தாளைத் திருப்பி அனுப்பினார். ஜாய்ஸுக்கு வந்த ஆத்திரத்தில், வீட்டுக்கு வந்ததும் குழுவில் ஒரு கையால் தட்டினாள்: "உங்க கேம்போனோட்டஸ் கொட்டி என் கையே வீங்கிப்போச்சு. ராணியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அரை நிமிடத்தில் ஜாஃபர் சாதிக் போனிலேயே கூப்பிட்டார்.

"மேடம், கடிச்சுதா, கொட்டுச்சா?"

"கொட்டுச்சு. வாலால."

"கேம்போனோட்டஸுக்குக் கொடுக்கே கிடையாது மேடம். அது கடிக்க மட்டும்தான் செய்யும். செத்த எறும்பு ஒண்ணு இருக்கா? லென்ஸ் மாட்டிப் பாருங்க. உடம்புல வரி இருக்கா?"

போனை ஸ்பீக்கரில் போட்டு, சின்ன லென்ஸை அதில் மாட்டி, செத்த எறும்பு ஒன்றைக் குண்டூசியால் புரட்டினாள். வழவழப்பான கறுப்பு என்று இரண்டு வாரமாக அவள் நினைத்திருந்த உடம்பு முழுக்க, பத்திரத்தில் வைத்த கைரேகை போல நெளிநெளியாக வரி. இடுப்புக் கணுவின் மேலே இரண்டு முள்.

"இருக்கு" என்றாள், குரல் இறங்கி. "இடுப்புல ரெண்டு முள்ளும் இருக்கு."

"இது டயாகம்மா, வேற எறும்பு. அதுல ராணியே கிடையாது மேடம். வேலைக்கார எறும்புல ஏதாவது ஒண்ணு முட்டை வைக்கும். பாத்தா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

ஜாய்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மூணு ஞாயித்துக்கிழமை தோண்டியிருக்கேன். ஒருத்தங்க வயல உடைச்சிருக்கேன். இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க எங்க மேடம் கேட்டீங்க? என்ன எறும்புன்னு நீங்களே முடிவு பண்ணிட்டு, ராணி எவ்வளவு ஆழம்னுதானே கேட்டீங்க?"

போனை வைக்கும் முன் ஜாய்ஸ் கேட்டாள்: "முட்டை எப்படி இருக்கும்?"

"வெள்ளையா, நீளமா, பொடிப்பொடியா. மூலையில குமிச்சு வச்சிருக்கும்."

ஈரப் பஞ்சு நினைவுக்கு வந்தது. இரண்டு வாரமாக இரண்டு நாளைக்கு ஒரு தரம் துடைத்துத் துடைத்துக் குப்பையில் போட்டிருக்கிறாள். "மாதாவே" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு எழுந்துபோய், பெட்டியிலிருந்த அச்சடித்த தாளை நகத்தால் சுரண்டினாள். ஒட்டியது ஒட்டியதுதான், பாதிதான் வந்தது.

அதற்குப் பிறகு பத்து நாள் பெட்டியைத் துடைக்கவில்லை. மூலையில் வெள்ளைக் குவியல் சேர்ந்தது. ஒரு சாயங்காலம் லென்ஸை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஓர் எறும்பு உடம்பை வளைத்து, தன் வால் நுனியிலிருந்து வாயால் ஒரு முட்டையை வாங்கிக் குவியலில் வைத்தது. ஜாய்ஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெள்ளை நகப்பூச்சில் குண்டூசியைத் தோய்த்து எடுத்தாள். முதுகில் ஒரு பொட்டு வைத்துவிட்டால் போதும், ஜென்மத்துக்கும் அடையாளம் தெரியும். மூடியைத் திறந்து ஊசியை இறக்கினாள். அத்தனை எறும்பும் கலைந்து ஓடின.

"அடியே, நில்லுடி!"

அடுக்களையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த ஜெரால்டு எட்டிப்பார்த்தான். "யாரைச் சொல்ற?"

"அது தெரிஞ்சா நான் ஏங்க கத்துறேன்?" என்றாள் ஜாய்ஸ். நகப்பூச்சு எறும்பு கொட்டின அதே விரலில் சொட்டியிருந்தது.