தடித்த துண்டுகள்

பலகையின் மேல் அவரைக்காய்த் துண்டுகள், ஒன்று பெருவிரல் அகலம், அடுத்தது நகத்தளவு, அதற்கடுத்தது கோணலாய்ச் சரிந்து, என் மனைவி மரகதம் நாற்காலியில் இருந்தபடியே ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறாள், ஏனுங்க, இது பொரியலுக்குங்களா மாட்டுக்குங்களா என்கிறாள், அவள் மணிக்கட்டில் எலும்பு துருத்தித் தெரிகிறது, அதைப் பார்க்காமலிருக்கவே நான் காயைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அது ஆடி மாதமா, பொள்ளாச்சிக் காற்று ஜன்னல் கதவை அடித்துக்கொண்டே இருந்தது, அப்படியானால் ஆடிதான், இன்னும் மூன்று மாதம்தான் என்று மருத்துவர் சொல்லி ஒரு மாதம் போயிருந்தது.

நாற்பது வருடம் தரையில் அரிவாள்மனையை மிதித்து உட்கார்ந்து அரிந்தவள், வயிற்றில் நோய் வந்த பிறகு கீழே உட்கார முடியவில்லை, எனக்கோ முழங்கால் மடங்காது, அதனால் ஒரு கத்தி வாங்கி வந்தேன், கத்தி அவளுக்கும் புதிது என்பது முதல் நாளே தெரிந்துபோயிற்று, கத்திய ஆடாமப் புடிச்சுக்குங்க, காயக் கொண்டுபோயி அதும்மேல தள்ளுங்க என்றாள், நானும் கூர்ப்பக்கம் என்னைப் பார்க்க நிமிர்த்திப் பிடித்துக் காயைத் தள்ளினேன், கட்டைவிரலில் ரத்தம், அரிவாள்மனையில் இரும்பு சும்மா இருக்கும், காய்தான் போய் வரும், அவள் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், அய்யோ சாமி, நாஞ்சொன்னதே தப்புங்க என்று சிரித்தாள், சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி, பிறகு சமையல் மேடையில் சாய்ந்து நின்று அவளே கத்தியை எடுத்துப் பார்த்தாள், நாலாம் நாள் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது, வெரல் நுனிய உள்ள மடக்கிக்குங்க, கத்தி வெரல் முட்டிய ஒரசிட்டே எறங்கோணும், கத்தி மூக்கு பலகைய விட்டு எந்திரிக்கக் கூடாது.

எனக்கு மட்டும் வரவில்லை, ஒரு வாரம், இரண்டு வாரம், ஓசூரிலிருந்து மகள் போனில், அப்புறமா அப்பா இங்கயே வந்துரட்டும்மா என்றாள், போனை வைத்துவிட்டு மரகதம், அங்க போயி நாலாவது மாடியில வாட்ச்மேன் மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருப்பீங்களாக்கும், ஒரு பொரியல் பண்ணத் தெரிஞ்சாப் போதும், இந்த ஊட்ல ராசாவாட்டம் இருக்கலாம், அதப் பாக்காமப் போனா எனக்கு நிம்மதியே இல்லீங்க என்றாள், நான் இன்னும் தடிமனாக நறுக்கினேன்.

ஒரு மத்தியானம் தடித்த துண்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள், நெல அளவை ஆபீசுல முப்பது வருசம் மயிரிழையாட்டம் கோடு போட்ட கை, அவரக்காய்க்குத்தான் நடுங்குதுங்களா, நான் அடுத்த காயை எடுத்தேன், நடிக்கறீங்க, மாத்திரைய முழுங்கறாப்பல நடிச்சுட்டு முந்தானையில முடிஞ்சனே, அன்னிக்கு நீங்க என்னயப் புடிச்சீங்க, இன்னிக்கு நான் புடிச்சுட்டேன், கோபமே இல்லை அந்தக் குரலில், நான் கத்தியைக் கீழே வைத்தேன், எனக்கு வந்திருச்சுன்னா உன்ற வேல முடிஞ்சுதுன்னு எந்திரிச்சுப் போயிருவ புள்ள என்றேன், இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொள்ளாதது, அவள் கத்தியை எடுத்து என் கையில் கொடுத்தாள், அரிங்க, பாத்துட்டே இருக்கறேன் என்றாள்.

அரிந்தேன், நாரை உரித்து, விரலை மடக்கி, இருபது காயும் ஒரே அளவாய், மெல்லிசாய், கத்தி பலகையில் தட்டும் ஓசை மட்டும், கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், போதுமுங்க, கொஞ்சம் சாஞ்சுக்கறேன் என்று உள்ளே போனாள், வாரக்கணக்கில் பகல் தூக்கம் இல்லாதவள், அன்று விளக்கு வைக்கும்வரை தூங்கினாள், பதினோரு நாள் கழித்துப் போய்விட்டாள்.

இப்போது மகள் போனில் என்ன சமையல் என்று கேட்கிறாள், சொல்கிறேன், பலகையில் அவரைக்காய் மெல்லிசாகக் குவிகிறது, நடுவில் என்றைக்காவது ஒன்றைப் பெருவிரல் அகலத்துக்கு நறுக்கி வைத்துவிட்டு, கத்தியோடு சற்று நேரம் நாற்காலிப் பக்கம் திரும்பாமல் நிற்கிறேன், பிறகு அதையும் சேர்த்துத்தான் வாணலியில் போடுகிறேன், மற்றதெல்லாம் வெந்த பிறகும் அது வேக நேரமாகிறது, ஆகட்டும் என்று அடுப்பைத் தணித்து வைக்கிறேன்.