பரஜின் வண்டி

ஜும்ஆன் மறுபடியும் சாவியைத் திருகினான். ஸ்டார்ட்டர் சுற்றியது, என்ஜின் பிடிக்கவில்லை. பிக்கப்பின் பின்தட்டில், கம்பளியில் சுற்றிய கணவனின் உடலருகே உட்கார்ந்திருந்த ஷம்சா கீழே குதித்தாள்.

"பேட்டரியையும் கொன்னுடாதே, தம்பி."

காலையில் முகல்லா ஆஸ்பத்திரியில் பரஜ் இறந்துபோனான். பொழுது சாய்வதற்குள் ஏமனின் தோஆன் பள்ளத்தாக்கில், ஊர் மையவாடியில் அடக்கம். வண்டியோ பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது.

"பம்ப் போச்சு மதினி," என்றான் பரஜின் தம்பி ஜும்ஆன். "ஏதாவது லாரி வந்தா அண்ணனை ஏத்தி நான் கொண்டுபோறேன். நீங்க பின்னாடி வீட்டுக்கு வந்துடுங்க. மையவாடில பொம்பளைக்கு என்ன வேலை?"

"சிமெண்டு மூட்டை மேல போட்டா கொண்டுபோவே? அவர் அவரோட வண்டியிலதான் போவார். புகை வந்துச்சா, பார்த்தியா?"

"இல்ல."

அப்படியானால் டீசலே போய்ச் சேரவில்லை. தேன்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பரஜோடு பூ பூக்கும் இடமெல்லாம் அலைந்தவள் அவள். அவன் வண்டிக்கடியில் கிடந்து கத்த, மேலே பம்ப் அடித்தது அவள்தான். பானெட்டைத் தூக்கி, பில்டர் தலையிலிருந்த கைப்பம்பின் குமிழை அழுத்தினாள். அமுங்கியது எழும்பவில்லை.

"டேங்க்லேர்ந்து வர்ற குழாய் அடைச்சிருக்கு. பம்ப் மேல பழி போடாதே."

பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் குழாயைக் கழற்றினாள். அதே இடத்தில் பின்தட்டில் கிடந்த வேறொரு குழாயை மாட்டி, மறுமுனையை அங்கிருந்து எடுத்த டீசல் கேனுக்குள் விட்டாள். குமிழ் எழும்பியது. அடிக்க அடிக்க இறுகியது.

"இப்போ போடு."

என்ஜின் இருமியது, வெள்ளைப் புகை கக்கியது, பிடித்துக்கொண்டது.

"கேனை யார் பிடிக்கிறது?" என்றான்.

அவள் ஏற்கனவே கேனோடு முன்சீட்டில் ஏறியிருந்தாள். குழாய் ஜன்னல் வழியாகப் பானெட்டுக்குள் போனது.

வீட்டு வாசலில் பெண்கள் அழுதுகொண்டு நின்றார்கள். ஜும்ஆன் பிரேக் போட்டான்.

"இறங்குங்க மதினி. இனி ஒரு ஆம்பளை பிடிக்கட்டும்."

"கை மாறினா குழாய்ல காத்து ஏறி வண்டி நின்னுடும். ஓட்டு."

அது பொய் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவன் கியரைப் போட்டான்.

மையவாடியில் ஆண்கள் பரஜை இறக்கித் தோளில் தூக்கினார்கள். ஒரு கிழவர் முன்சீட்டைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தொழுகைக்கு வரிசை கட்டினார்கள். என்ஜின் சத்தத்தில் இமாமின் குரல் கேட்கவில்லை.

ஷம்சா கையை நீட்டிச் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தாள். கேனைக் கீழே வைத்தாள். கதவைத் திறந்து இறங்கினாள்.