மிருகம்: குல்ஷன்

1948 கோடையில், அடையாற்றங்கரையில் இருந்த ஒரு சின்ன ஸ்டுடியோவில், விஞ்ஞானி ஒருவர் ஊசி போட்டு மனிதரை மிருகமாக்கும் கதையைப் படமெடுத்தார்கள். மிருகத்துக்குச் சாக்கில் தேங்காய்நாரை ஒட்டி உடுப்பு தைத்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொள்ள வந்த பயில்வான் வேலு முதல் நாளே வெக்கையில் மயங்கி விழுந்தான். மறுநாள் வரவில்லை.

அந்த உடுப்பின் உயரத்துக்கு அங்கே இருந்த ஒரே ஆள் குல்ஷன். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் அக்கா சகினாவோடு குடியிருந்தாள். கூட்டக் காட்சிகளில் நான்கு வருஷமாக நடித்து வந்தாள். நல்ல கறுப்பு, ஆறடிக்கு ஒரு விரற்கடை குறைவு. அதனால் எப்போதும் கடைசி வரிசைதான். ஒவ்வொரு படத்துக்கும் சகினாவைக் கூட்டிப்போய், "அதோ, அந்தத் தூணுக்குப் பின்னாடி" என்பாள். சகினா கண்ணை இடுக்கிப் பார்ப்பதற்குள் காட்சி மாறிவிடும்.

"நான் போட்டுக்கறேன் சார்," என்றாள் டைரக்டர் ஸ்ரீனிவாசராகவனிடம்.

பதினோரு நாள் அந்த உடுப்புக்குள் வெந்தாள். ஒரு நாள், கதாநாயகி வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று மிருகம் உறுமவேண்டிய காட்சி. உள்ளே விளக்கும் பூவும் சிரிப்புமாக இருந்தது. குல்ஷன் உறுமவில்லை. கண்ணாடியில் கையை வைத்தாள். வைத்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். டைரக்டர் 'கட்' சொல்ல மறந்துபோனார்.

அன்றைக்கே அவர் முடிவை மாற்றி எழுதினார். குண்டடிபட்ட மிருகம் சாகும்போது மறுபடி பெண்ணாகிவிடும். குல்ஷனின் முகம், மிக அருகில். ஒரே வசனம்: "என்னை வீட்டுக்குக் கூட்டிப் போங்க." ஒரே டேக்கில் சொன்னாள். விளக்குப் பிடித்தவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

படத்தை வாங்க வந்த தி. நகர் விநியோகஸ்தர் சுப்புராயனுக்கும் அந்த முடிவு பிடித்திருந்தது. பெயர்தான் பிடிக்கவில்லை.

"லலிதகுமாரின்னு போடணுங்கறார்," என்றார் டைரக்டர், அவள் முகத்தைப் பார்க்காமல். "எத்தனையோ பேர் மாத்திண்டிருக்காம்மா."

"மாத்தாட்டி?"

"அந்த ஷாட்டை வெட்டிடணுமாம். ஜனங்க அழற முகத்துக்கு இந்தப் பேர் வேண்டாங்கறார். மிருகத்துக்கு எந்தப் பேர் போட்டாலும் அவருக்கு ஆட்சேபணை இல்லை."

ஒரு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு, ஆற்றுப் பாலத்தின் மேல் நடந்தே வீடு வந்தாள். சகினா சொன்னாள்: "மொகம் தெரியணும்னு நாலு வருசமா ஏங்கிக்கினு கெடந்தே. பேர்தானே, போனா இன்னா?"

"பாக்கறவங்க லலிதகுமாரின்னுதானே சொல்லிக்கினு போவாங்க. அதுல நான் எங்க கீறேன்?"

மறுநாள் டைரக்டரிடம் சொன்னாள்: "மிருகமாவே போடுங்க சார். பேர் மட்டும் என்னுதா இருக்கட்டும்."

மயிலாப்பூரில் படம் வந்தபோது இருவரும் பெண்கள் பகுதியில் உட்கார்ந்தார்கள். 'மிருகம்: குல்ஷன்' என்று திரையில் எழுத்து வந்தது. தமிழ் எழுத்துக் கூட்டத் தெரிந்த சகினா அதை வாய்விட்டுப் படித்தாள். கடைசியில் மிருகம் விழுந்தது. உடனே, அவள் முகம் வரவேண்டிய இடத்தில், ஆறும் வானமும் வந்துவிட்டன. பக்கத்தில் இருந்த அம்மாள் மூக்கை உறிஞ்சி, "பாவம், எந்த ஆம்பளையோ, என்னமா துடிக்கிறான்," என்றாள். சகினா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். குல்ஷன் அவள் கையை அழுத்திக்கொண்டாள். விளக்குப் போட்ட பிறகும் வெகுநேரம் அந்த வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தை மாதத்தில் டைரக்டர் மறுபடி ஆளனுப்பினார். கடலிலிருந்து கரையேறி வரும் ஜந்துவாம்.

"அது செத்தா இன்னா ஆவும் சார்?" என்று ஸ்டுடியோவுக்குப் போய்க் கேட்டாள் குல்ஷன்.

"அதை இன்னும் எழுதலைம்மா."

"எழுதறப்ப என்னை மனசுல வெச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டு, உடுப்புக்கு அளவெடுக்கக் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.